ஐந்து போன், நாற்பது பிள்ளைகள்: ஆங்கிலம் பேச வைப்பது எப்படி?

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 40 பேர், 40 நிமிட பீரியட். என் போனோடு, சிம் இல்லாத பழைய போன்கள் நான்கு இருக்கின்றன. எந்த ஆப் போட்டால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்?

பதில்: புது ஆப் எதுவும் வேண்டாம். போனிலேயே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவிட்டால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. எங்கே தடுமாறினோம் என்பதும் பிள்ளைக்குத் தெரியாது. அதைத் திரும்பக் கேட்க வைப்பதுதான் போனின் வேலை.

எட்டுப் பேருக்கு ஒரு போன், அதில் நான்கு ஜோடி. ஒருவர் கையில், திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலிருந்து வெள்ளி கடற்கரைக்குப் போக நீங்கள் பேப்பரில் வரைந்த வழிப்படம். மற்றவர் அதைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டுத் தன் நோட்டில் வரைய வேண்டும். எட்டிப் பார்த்துவிட்டால் பேசவே தேவையிருக்காது. முதுகோடு முதுகு உட்கார வையுங்கள். முதல் 8 நிமிடம் போன் இல்லாமல் ஒத்திகை. பிறகு ஜோடிக்கு 2 நிமிடம் ரெக்கார்டிங், அதே அளவு கேட்பது, மறுபடி ரெக்கார்டிங். மொத்தம் 32 நிமிடம்.

இரண்டாம் முறை ஒரே ஒரு பிழையைத்தான் திருத்த வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முதலில் 'ஃபோர்ட்', 'போர்ட்' எடுத்துக்கொள்ளலாம். கடலூரில் இரண்டும் உண்டு: தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை, முதுநகரில் துறைமுகம். உச்சரிப்பு தவறினால் கோட்டைக்குக் கிளம்பியவர் துறைமுகத்தில் நிற்பார்! 'போர்ட்'டுக்கு இரண்டு உதடும் ஒட்டும். 'ஃபோர்ட்'டுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டு, காற்று கசிய வேண்டும்.

சோதிக்க உங்கள் போனில் வாய்ஸ் டைப்பிங்கை (பேசுவதை எழுத்தாக்கும் வசதி) இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்தச் சொல்லை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் முன்பின் சொற்களை வைத்து அதுவே சரியாக ஊகித்துவிடும், பிழை மறைந்துபோகும். தனிச் சொல்லிலும் சில நேரம் ஏமாறும் என்பதால் அதை வைத்து மார்க் போடாதீர்கள்.

ரெக்கார்டிங் கெடுவது பெரும்பாலும் ஃபேன் சத்தத்தால். போனை பெஞ்சில் வைத்தால் தட்டுவதெல்லாம் பதிவாகும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையில் பிடிக்கட்டும். உங்கள் போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும், கால் வந்தால் பதிவு நின்றுவிடும். வாய்ஸ் டைப்பிங்குக்கு நெட் தேவைப்பட்டால் மட்டும் அந்த மோடை எடுத்துவிடுங்கள். இரண்டு குழுவை வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள்.

பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம், அன்றைக்கே அழித்துவிடுங்கள். தன் குரலை ஊரே கேட்டுச் சிரித்தால் அந்தப் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. முதல் நாள் அவரவர் குரலைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். அந்த பீரியடில் வேறு பாடம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.