பட்டறை மெஷினும் மண் ஃபிரிட்ஜும்: கேள்வி பதில்

கோபி விவசாயி: அண்ணா, மஞ்சள் வேகவைக்க நானே ஒரு மெஷின் செய்து யூடியூபில் வீடியோவும் போட்டுவிட்டேன். இனி காப்புரிமை கிடைக்காதா?

வீடியோவில் என்ன தெரிகிறது? புகையும் வெந்த மஞ்சளும் மட்டும் என்றால் பெரிய பாதகமில்லை. மூடியைத் திறந்து, நீராவிக் குழாய் போகும் வழியை விளக்கியிருந்தால் சிக்கல்தான். இப்போது வீடியோவை நீக்கினாலும் போட்டது போட்டதுதான். அடுத்து செய்யும் மாற்றத்துக்காவது முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி. முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம். வீடியோ எல்லாம் அப்புறம்.

பெரம்பூர் வாசகி: கரண்ட் இல்லாத மண் ஃபிரிட்ஜ் வாங்கலாமா சார்?

குஜராத்தின் வாங்கானேர் ஊர்க் குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி, 2001 பூகம்பத்துக்குப் பிறகு உருவாக்கியது. மேலே ஊற்றும் தண்ணீர் மண் சுவரில் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். நம் பானை வித்தைதான். கரூர் வெயிலுக்கு அருமை, உங்கள் ஊர்ப் புழுக்கத்துக்குச் சுமார். கீரை, காய் வைக்கலாம். மீனை வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

விருதுநகர் மகளிர் குழு: நாப்கின் மெஷினுக்குக் கடன் கேட்டிருக்கிறோம் அண்ணா. எந்த மாடல் நல்லது?

மாடலைப் பிறகு பார்க்கலாம். மலிவு நாப்கின் மெஷினை உருவாக்கிய கோவை முருகானந்தம் 1998-இல் தொடங்கியபோது பஞ்சைத்தான் வைத்தார், சரிவரவில்லை. கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு தானே நடந்து பார்த்தார். கம்பெனிகள் வைப்பது மரக்கூழ் நார் என்று தெரியவே வருஷக்கணக்கில் ஆனது. அவர் அலைந்தது அந்தப் பொருளுக்காக.

எனக்குத் தெரிந்த ஒரு குழு பூஜை போட்டு, தேங்காய் உடைத்து மெஷினை இறக்கியது. நாலு மாதத்தில் நார் தீர்ந்தது, கடைக்காரர்கள் கடனுக்குக் கேட்டார்கள். இப்போது மெஷின் மேல் அரிசி மூட்டை இருக்கிறது. முதலில் வேறு குழுவிடம் சரக்கு வாங்கி உங்கள் தெருவில் விற்றுப் பாருங்கள். கசிந்ததா, ஒட்டு நழுவியதா என்று கேட்டு எழுதி வையுங்கள். மூன்றாம் மாதமும் அதே வீடுகள் வாங்கினால் மெஷினைப் பற்றிப் பேசலாம்.

அதே குழு: சிறுதொழில் தொடங்க மத்திய அரசு தரும் பி.எம்.இ.ஜி.பி. கடன் திட்டத்தின் மானியம் கையில் வருமா?

வராது. வங்கியிலேயே 3 வருடம் கிடந்து, பிறகு கடனில் கழியும். அதுவரை தவணைக்கு நாப்கின்தான் விற்க வேண்டும்.