பந்து உதிர்வதும் சதுரம் கோணுவதும்: கைவேலை கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உல்லன் நூல், ஃபெல்ட் துணி பற்றித்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்று கடிதங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம் போல. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வாசல் தோரணத்துக்காக உல்லன் நூலில் பந்துகள் செய்தேன். செய்த அன்று அழகாக இருந்தது. ஒரே வாரத்தில் நூல் நூலாக உதிர ஆரம்பித்து, இப்போது வாசலைப் பெருக்குவதே வேலையாகிவிட்டது. எங்கே தப்பு?
வாசகி, திருச்சி

பதில்: நடுக்கட்டில். வேறு எங்கேயும் இல்லை. பந்து சுற்றிய அதே உல்லன் நூலில் ஒரு துண்டு வெட்டி நடுவில் கட்டியிருப்பீர்கள், சரியா? உல்லன் நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நன்றாக இழுத்துக் கட்டிவிட்டோம் என்று நினைத்து இரண்டாவது முடிச்சுக்குக் கையை எடுக்கிற அந்த நொடியிலேயே முதல் முடிச்சு பாதி தளர்ந்துவிடுகிறது. இன்னும் பலமாக இழுத்தாலோ அறுந்து தொலைக்கும்.

எம்பிராய்டரி நூல் வாங்குவீர்களே, ஆறு இழையாக இருக்கும், அதை இழை பிரிக்காமல் அப்படியே கட்டுவதற்கு எடுங்கள். முதல் முடிச்சில் நூலை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று விட்டு இழுத்துப் பாருங்கள், கையை எடுத்தாலும் நகராது. பிறகு பந்தைத் திருப்பி, மறுபக்கத்திலும் ஒரு முடிச்சு. கட்டிய நூலின் இரண்டு நுனியையும் வெட்ட வேண்டாம், தோரணத்தில் கோக்க அதுதான் உதவும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. சுற்று குறைவாகப் போட்டிருப்பீர்கள். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்துச் சுற்றினால், சாதாரண தடிமன் நூலுக்கு 100 முதல் 120 சுற்றாவது வேண்டும். 50 சுற்றோடு நிறுத்தினால் பந்து வராது, குஞ்சம் வரும். சின்னப் பந்து போதும் என்றால் சாப்பிடுகிற முள்கரண்டியில் 50, 60 சுற்று சுற்றி, நடுப்பல் இடைவெளி வழியாக நூலை விட்டு அங்கேயே கட்டிவிடலாம். கட்டிய பிறகு இருபக்க வளையங்களையும் வெட்டினால் தலைவாராத பிள்ளை மாதிரி நிற்கும். அங்கேதான் எல்லோரும் பயந்துபோய் விட்டுவிடுகிறார்கள். கத்தரியை எடுத்துச் சுற்றிச் சுற்றி, ஒரு செண்டிமீட்டர் போனாலும் பரவாயில்லை என்று தாராளமாக வெட்டுங்கள். வெட்ட வெட்டத்தான் உருண்டை வரும்.

கேள்வி: ஏழு வயது மகளுக்கு ஊசி கொடுக்கப் பயமாக இருக்கிறது. ஊசி, கத்தரி இல்லாமல் நூலில் ஏதாவது செய்யச் சொல்லித்தர முடியுமா?
வாசகி, தர்மபுரி

பதில்: இரண்டு ஐஸ் குச்சி போதும். கூட்டல் குறி மாதிரி வைத்து நடுவில் கட்டிக் கொடுங்கள், அது மட்டும் உங்கள் வேலை. பிறகு நூலை ஒரு குச்சியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, அடுத்த குச்சிக்குப் போய் ஒரு சுற்று, அப்படியே கூட்டல் குறியின் நான்கு கையையும் சுற்றி வரவேண்டும். எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே மாதிரி. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறத்தை மாற்றினால் நடுவில் சின்ன வைரம், அதைச் சுற்றிப் பெரிய வைரம் என்று வளரும். மெக்சிகோவின் விஷாரிக்கா மக்கள் இதைக் ‘கடவுளின் கண்’ என்ற பொருளில் செய்து வைக்கிறார்கள். நம் ஊர் ஒயர் கூடையில் ‘சிவன் கண்’ என்று ஒரு பின்னல் இருக்கிறதே, கண்ணை எங்கே போனாலும் விடமாட்டோம் போல.

கேள்வி: ஃபெல்ட் துணியில் சாவிக்கொத்து பொம்மை செய்தேன். வெள்ளைப் பசை ஒட்டிய இடமெல்லாம் கெட்டியாகிக் கறை தெரிகிறது. சுருக்கம் போக இஸ்திரி போட்டால் பளபளவென்று உருகிவிட்டது. நான் வாங்கியது போலி ஃபெல்ட்டா?
கல்லூரி மாணவி, சேலம்

பதில்: போலி என்று சொல்ல முடியாது. ஃபேன்சி ஸ்டோரில் ஏ4 அளவில் கலர் கலராகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ஃபெல்ட். ஆட்டு ரோமத்தில் செய்தது கம்பளி ஃபெல்ட், விலை அதிகம், நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. எது எது என்று தெரியவேண்டுமானால் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். அதற்கு இஸ்திரிப்பெட்டி எமன். குறைந்த சூட்டில், மேலே ஒரு காட்டன் துணி போட்டு, அழுத்தாமல் தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும்.

பசையை விடுங்கள். ஃபெல்ட்டில் தைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கும்போது பசை எதற்கு? மற்றத் துணிகளில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், வெட்டினால் ஓரம் பிரியும், மடித்துத் தைக்க வேண்டும். ஃபெல்ட் நெய்த துணி இல்லை. இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதுதான் துணியாக நிற்கிறது, அதனால் எப்படி வெட்டினாலும் பிரியாது. முதல் முதலாக ஊசி பிடிப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணி நான் பார்க்கவில்லை.

பென்சில் கோடு ஃபெல்ட்டில் விழாது. தாளில் வரைந்த படத்தைச் செலோடேப் போட்டு ஃபெல்ட்டின் மேல் ஒட்டி, தாள், டேப், துணி மூன்றையும் சேர்த்தே வெட்டுங்கள், ஓரம் கத்தி மாதிரி வரும். அடர்ந்த நிறத்துக்குக் குளியலறையில் தேய்ந்துபோன சோப்புச் சில்லு ஒன்றை எடுத்து வரையலாம். எங்கள் தெரு டெய்லர் இன்றும் அப்படித்தான்.

தையலுக்கு எம்பிராய்டரி நூலில் இரண்டு அல்லது மூன்று இழை போதும். இரண்டு ஃபெல்ட் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஊசியைக் குத்தி, நூல் முழுதும் இறங்குவதற்கு முன்பு அந்த வளையத்துக்குள்ளேயே ஊசியை விட்டு இழுங்கள். நூல் ஓரத்தில் வேலி மாதிரி படுக்கும். இதுதான் பிளாங்கெட் தையல். முடிச்சை இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒளித்துவிடுங்கள். நான்கு தையல் கோணலாகப் போகும், அப்புறம் கை தானாகவே இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: குரோஷாவில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) சதுரமாக ஆரம்பிக்கிறேன், பத்து வரிசை போனதும் முக்கோணமாகிவிடுகிறது. யூடியூபில் ஒருவர் சிங்கிள் என்கிறார், இன்னொருவர் அதையே டபுள் என்கிறார். தலை சுற்றுகிறது.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: தலை சுற்றுவது நியாயம்தான். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்கர்களின் டபுள் பிரிட்டிஷ்காரர்களுக்கு டிரெபிள். ஒரே தையல், இரண்டு பெயர். பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் குரோஷா என்ற பெயரே புழக்கத்தில் இல்லை, அதனால் வீடியோவில் சிங்கிள் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அது அமெரிக்க முறை என்று தைரியமாக முடிவு பண்ணலாம். நான் இங்கே சொல்வதும் அமெரிக்கப் பெயர்தான்.

முக்கோணத்துக்கு வருவோம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணியைத் தொலைக்கிறீர்கள், அவ்வளவுதான். சிங்கிளில் வரிசை முடிந்ததும் ஒரு சங்கிலி (கொக்கியால் நூலை இழுத்துப் போடும் ஒரு வளையம்) போட்டுத் திருப்புகிறோம். அந்தச் சங்கிலி கணக்கில் சேராது, அதற்கு நேர் கீழே இருக்கும் கண்ணியிலேயே முதல் தையல் போடவேண்டும். டபுளில் மூன்று சங்கிலி போட்டுத் திருப்புகிறோம், அது மட்டும் ஒரு தையலாகக் கணக்கில் சேரும். அப்படியானால் அடுத்த வரிசையின் கடைசித் தையல் அந்த மூன்று சங்கிலியின் உச்சியில் விழவேண்டும். அது ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, பார்ப்பதற்குக் கண்ணி மாதிரியே இருக்காது. எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நான் மூன்று மாதம் விட்டேன். மேஜை விரிப்பு என்று ஆரம்பித்தது தலையில் கட்டும் ஸ்கார்ஃபாக முடிந்தது, நல்லவேளை யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வழி என்னவென்றால், ஒவ்வொரு வரிசையின் முதல் தையலிலும் கடைசித் தையலிலும் ஒரு ஊக்கைக் குத்தி வையுங்கள். 20 தையலில் ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் 20 இருக்கிறதா என்று எண்ணுங்கள். சிங்கிளுக்கு 21 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்குங்கள். டபுளுக்கு 22 போட்டு நான்காவதில். நூல் வெளிர் நிறத்தில், பிசிறு இல்லாததாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கற்றுக்கொள்வது அமாவாசையில் பாதை தேடுவது மாதிரி. ஊசி 4 அல்லது 5 மில்லிமீட்டர். சன்னமான ஊசியில் லேஸ் போடுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 68. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. பேத்தியோடு சேர்ந்து உல்லன் வேலை செய்ய ஆசை, இதெல்லாம் ஆம்பளை வேலையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். கண் பார்வை கொஞ்சம் மட்டம்.
வாசகர், காரைக்குடி

பதில்: தறியில் உட்கார்ந்து நெய்தவர்களில் பாதிப்பேர் யாராம்? சிரிப்பவர்களைக் கேளுங்கள் ஐயா.

பார்வை மட்டம் என்றால் குரோஷா வேண்டாம். கெட்டியான அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து, சுற்றிலும் ஐந்து ஐஸ் குச்சிகளை, நுனி மேலே இரண்டு செண்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி டேப்பால் ஒட்டுங்கள். நூலின் நுனியைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, ஒவ்வொரு குச்சியையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். இரண்டாவது முறை சுற்றும்போது ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு நூல் இருக்கும். கீழே இருப்பதை விரலால் தூக்கி, மேலே இருப்பதைத் தாண்டிக் குச்சிக்குப் பின்னால் தள்ளிவிடவேண்டும். முழு வேலையும் இவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் குழாயின் அடியிலிருந்து பின்னிய கயிறு பாம்பு மாதிரி இறங்கும், அதைப் பார்க்கப் பேத்தி ஓடி வருவாள். நீளமாக வந்ததும் சுருட்டி, அடிப்பக்கம் தைத்தால் காபி டம்ளர் வைக்க ஒரு வட்டம்.

கேள்வி: பழைய ஸ்வெட்டரை வென்னீரில் போட்டு ஃபெல்ட் துணியாக்கலாம் என்று படித்தேன். மூன்று முறை வேகவைத்தும் அப்படியேதான் இருக்கிறது.
வாசகி, கோவை

பதில்: உங்கள் ஸ்வெட்டர் அக்ரிலிக், அதாவது செயற்கை இழை. முப்பது முறை வேகவைத்தாலும் மாறாது. நாம் உல்லன் என்று சொல்லும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக்தான், பெயர்தான் உல்லன். ஆட்டு ரோமத்தின் மேலே மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் இருக்கும். சூடு, ஈரம், சோப்பு, கூடவே தேய்ப்பும் சேர்ந்தால் ரோமங்கள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, அந்தச் செதில்கள் மாட்டிக்கொண்டு, திரும்ப வராது. அக்ரிலிக்கில் செதிலே கிடையாது. லேபிளில் நூறு சதவீதம் கம்பளி என்று இருக்கவேண்டும், அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் சுருங்காதபடி பக்குவம் செய்த நூலாக இருக்கும், அதுவும் வேண்டாம்.

எனக்கு இந்தப் பாடம் தெரியாமலே வந்தது. டில்லியில் இருந்த அண்ணன் ஊருக்கு வந்தபோது, பாசமாக அவன் ஸ்வெட்டரை மெஷினில் சூட்டுத் தண்ணீரில் போட்டேன். வெளியே வந்தது ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்தது. அவன் இரண்டு நாள் பேசவில்லை. நான் அதை வெட்டி ஊசி குத்தி வைக்கும் மெத்தைகள் மூன்று செய்தேன், ஒன்று இன்னும் தையல் பெட்டியில் இருக்கிறது. காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க்கிலும் செய்கிற நம்தா விரிப்புகளும் இதே சங்கதிதான், ஈரமும் சோப்பும் அழுத்தமும். அவர்கள் தெரிந்து செய்கிறார்கள்.

கேள்வி: தொட்டில் பிள்ளைக்கு ஃபெல்ட் பறவைகள் கோத்துத் தொங்கவிடலாமா? கண்ணுக்கு மணி வைக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: கைக்கு எட்டாத உயரத்தில் என்றால் தொங்கவிடலாம். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கிய அன்றே கழற்றிவிடுங்கள். மணி, பொத்தான் வேண்டவே வேண்டாம், மூன்று வயது வரை எல்லாம் வாய்க்குத்தான் போகும். கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். உல்லன் இழை பிஞ்சு விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், அதனால் பிசிறு தொங்கும் எதையும் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: செய்ததை விற்கலாமா?
வாசகி, மதுரை

பதில்: விற்கலாம். நூல் விலையை மட்டும் கணக்குப் பார்த்து ‘எல்லாம் முப்பது ரூபாய்தானே’ என்று கொடுக்காதீர்கள், உட்கார்ந்த நேரத்துக்கும் காசு போடுங்கள். சொந்தக்காரர்கள் ஓசியில் கேட்பார்கள், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: குரோஷா, பின்னல் இரண்டிலும் எனக்குப் பொறுமை இல்லை. உல்லன் நூல் நாலு கண்டு வாங்கிவிட்டேன். வேறு வழி?
வாசகி, கோத்தகிரி

பதில்: பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு வாங்கினோமே மேட்டி துணி, கட்டம் கட்டமாகத் தெரியும், அதில் மழுங்கிய முனை ஊசியால் உல்லன் நூலைப் பெருக்கல் குறியாகப் போட்டுக்கொண்டே போங்கள். படம் வரையவே வேண்டாம், கட்டத்தை எண்ணினால் போதும். கோத்தகிரியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! உங்கள் மலையிலேயே தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் வைத்து, எந்தப் படமும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள், 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோடர் வேலையைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை, அது அவர்களுடையது. ஒரு துண்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். அது எவ்வளவு நேர்த்தி என்று பார்த்துவிட்டு வந்து உங்கள் மேட்டி துணியை எடுங்கள். முதலில் பத்துக்குப் பத்து கட்டத்தில் ஒரு பூ, நாலு கண்டில் ஒன்றுகூடத் தீராது.