உறைந்த ஏரிக்கரையில் ஓர் எழுத்து

இந்த முறை வந்த கடிதங்களில் பனிமலைக் கல்யாணம் பற்றிய கேள்விகள்தான் கூட. நான் கல்கரியில் இருக்கிறேன், அல்பேர்ட்டா மாகாணத்து மலைத் தேசியப் பூங்காவான பான்ஃப் எனக்குப் பக்கம் என்று தெரிந்து எழுதியிருக்கிறீர்கள் போல. சரி, இந்தப் பகுதி முழுக்க அதையே கதைப்போம்.

கேள்வி: அக்கா, எங்களுக்கு மண்டபம், மேடை, அறுநூறு பேர் எதுவும் வேண்டாம். நாங்கள் இரண்டு பேரும் பழகினதே மலை நடைகளில்தான். குளிர்காலத்தில் பான்ஃப் பக்கம் போய், உறைந்த ஏரிக்கரையில், நாங்கள் இருவர் மட்டும் நின்று கல்யாணம் கட்டிக்கொண்டு வர ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இதைக் கேட்டால் வீட்டில் 'ஓடிப்போய்க் கட்டுறாளாம்' என்பார்கள். - ஸ்காபரோ வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள், இடத்தைப் பிறகு பார்க்கலாம். படத்தைப் பார்த்து ஏரியைத் தெரிவுசெய்து, அதற்குப் பிறகு திகதி வைத்து, நேரத்தைக் கடைசியில் யோசிக்கிறவர்கள்தான் குளிர்காலத்தில் மாட்டுப்படுகிறார்கள். டிசம்பர் கடைசியில் பான்ஃபில் சூரியன் காலை 8:40 அளவில் எழும்பி, பின்னேரம் 4:40க்குள் விழுந்துவிடும், முழுதாக 8 மணி நேரம்கூட இல்லை. அதுவும் கணக்குக்குத்தான், பள்ளத்தாக்கில் நிற்கிறவருக்கு மலை மறைப்பதால் வெயில் இன்னும் பிந்தி வந்து முந்திப் போகும். மார்கழியில் நல்ல காரியம் வேண்டாம் என்று உங்கள் அம்மம்மா சொன்னால் சந்தோசமாகத் தலையாட்டுங்கள், ஏனென்றால் பகல் கண்ணுக்குத் தெரிய நீளுவதும் தை பிறந்த பிறகுதான். நான் சொல்வது மாசி. மார்ச் தொடக்கத்தில் பகல் கிட்டத்தட்ட 11 மணி நேரம் இருக்கும், பனியும் அப்படியே கிடக்கும், ஏரிகளும் உறைந்தே கிடக்கும். லூயிஸ் ஏரியில் ஐஸ் விடவே மே கடைசி, ஜூன் தொடக்கம் ஆகிவிடும்.

இனி இடம். எல்லாரும் கேட்கும் மொரெய்ன் ஏரி உங்களுக்கு இல்லை, அதற்குப் போகும் வீதியை அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே கடைசி வரைக்கும் மூடிவிடுவார்கள். லூயிஸ் ஏரி திறந்திருக்கும். 1,700 மீட்டருக்கு மேல் உயரம், முன்னால் 3,464 மீட்டர் விக்டோரியா மலை, விடியும்போது முதல் வெளிச்சம் அதன் முகட்டில் இளஞ்சிவப்பாக விழும். அதைப் பார்த்துக்கொண்டு கைபிடிக்க வேண்டும் என்றால் கிழமை நாளில் விடிய முன்னமே போய் நில்லுங்கள், பத்து மணிக்குப் போனால் சறுக்கு விளையாட வந்த சனத்துக்கு நடுவில்தான் நிற்பீர்கள். ஏரியின் மற்ற முனைக்கு நடந்து போகாதீர்கள். அந்தப் பக்கம் மலைச்சரிவில் இருந்து பனிச்சரிவு இறங்கும் பாதை, கரையில் நிற்கும்போது அது எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும்.

போ ஏரி, பெய்ட்டோ ஏரி என்று வடக்கே போக ஆசை என்றால் அது ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, லூயிஸ் ஏரி முதல் ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர். அந்த வீதியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. குளிர்காலத்தில் பனிக்கால ரயர் அங்கே சட்டப்படி கட்டாயம், ஆனால் கல்கரி விமான நிலையத்தில் வாடகைக்கு எடுக்கும் காரில் அது தானாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லூயிஸ் ஏரிக் கிராமத்திலேயே பெற்றோல் நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கள், வழியில் கிடைக்கும் என்று போகக்கூடாது.

எங்கே போனாலும் இரண்டாவது இடம் ஒன்றை முதல் இடம் போலவே ஆசையாகத் தெரிவுசெய்து வையுங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு நண்பியின் மகளுக்குச் சாட்சியாகப் போ ஏரிக்குப் போக வெளிக்கிட்டோம். காலையில் பார்த்தால் பனிச்சரிவைக் கட்டுப்படுத்தும் வேலைக்காக வீதியை மூடிவிட்டார்கள். பிள்ளை காரில் இருந்து அழுதாள். ஆனால் அவர்கள் முன்னமே யோசித்து வைத்திருந்தபடியால் திரும்பி பான்ஃப் ஊர் விளிம்பில் இருக்கும் வேர்மிலியன் ஏரிக்கு வந்து, ரண்டில் மலை முன்னால் நிற்க, மத்தியானம் எழுத்து, அதுதான் கல்யாணப் பதிவு, முடிந்தது. அந்தப் படங்களில் அவள் முகத்தில் இருக்கிற சிரிப்பை நான் இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நாள் பிடிவாதமாக இருக்கலாம், இடம் பிடிவாதமாக இருக்கக்கூடாது. முடிந்தால் நாளையும் ஒன்று இரண்டு தள்ளிப்போடக்கூடிய மாதிரி விடுமுறை எடுங்கள்.

'நாங்கள் இருவர் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடக்காது. பதிவாளர் ஒருவர், 18 வயது தாண்டிய சாட்சிகள் இரண்டு பேர், ஆகக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். அப்புறம் 'ஓடிப்போறது' பற்றி. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாதி, அடி, வருசக்கணக்கில் கதை பேச்சில்லாமல் இருப்பது எல்லாம் இருக்கிறது. உங்கள் கதை அது இல்லை. வீட்டுக்கு முதலே சொல்லிவிட்டுப் போகிறவர் ஓடிப்போகிறவர் இல்லை, அதனால் தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து படத்தைக் காட்டிச் சொல்லலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தக் காயம் ஆற நாள் எடுக்கும்.

கேள்வி: ஒன்ராறியோவில் எடுத்த திருமண அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுபோய் அல்பேர்ட்டாவில் கட்டலாமா? - மார்க்கம் வாசகர்

பதில்: முடியாது. அல்பேர்ட்டாவில் கட்டுவதென்றால் அல்பேர்ட்டா அனுமதிப்பத்திரம்தான் வேண்டும். அங்கே வசிப்பவராக இருக்கத் தேவையில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக அடையாள அட்டையோடு நேரே பதிவு முகவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், எடுத்த நாளிலிருந்து 3 மாதம் செல்லும். முதல் கல்யாணம் முறிந்தவர்கள் விவாகரத்துப் பத்திரத்தையும் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் விமானத்தில் இறங்கிச் சனி காலை கட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள், நடுவில் ஒரு வேலை நாளாவது விடுங்கள். தேசியப் பூங்காவுக்குள் கட்டினால் அதை நடத்தும் பார்க்ஸ் கனடாவிடம் திருமணத்துக்கென்று தனி அனுமதியும், எல்லாருக்கும் பூங்கா நுழைவுச் சீட்டும் வேண்டும். பான்ஃபுக்குப் பக்கத்து மலைப்பகுதியான கனனாஸ்கிஸ் பக்கம் போனால் அங்கே 2021இல் இருந்து வாகனத்துக்குத் தனிக் கட்டணம்.

ஒரு சின்ன விசயம், ஆனால் பலர் இதில் மாட்டுப்படுகிறார்கள்: கடுங்குளிரில் பேனா எழுதாது. மை இறுகிவிடும். பேனாவை ஜாக்கெட்டின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள், அல்லது கையெழுத்தை மட்டும் காருக்குள் இருந்து போடுங்கள்.

கேள்வி: கூறைச்சேலை கட்டித்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. −20இல் சேலை கட்ட முடியுமா, விசர் வேலையா? - மொன்றியல் வாசகி

பதில்: விசர் வேலை இல்லை, கட்டலாம், கட்டவும் வேண்டும். வெள்ளைப் பனியில் அரக்குச் சிவப்புக் கூறை எப்படி எரியும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சேலையை மேல் உறை என்று நினையுங்கள், சூடு முழுக்க உள்ளேதான் இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி மேலும் கீழும், அதற்கு மேல் இன்னொரு கம்பளிக் காற்சட்டை, உள்பாவாடையை அதற்கு மேல் கட்டலாம். பருத்தி மட்டும் வேண்டாம், அது வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு குளிரும். சட்டையை முழுக்கை வைத்து, கம்பளிக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தொளதொளவென்று தையுங்கள், அளவு கொடுக்கும்போதே கம்பளி உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் நில்லுங்கள். காலுக்குக் குளிர்காலச் சப்பாத்து, அதன் அடியில் மாட்டுகிற சின்ன இரும்புப் பல் சங்கிலி. சேலையை நிலத்திலிருந்து நாலு விரல் உயர்த்திக் கட்டுங்கள், கார் நிறுத்துமிடத்துச் சேற்றுப்பனி பட்டுக்கு ஆகாது.

நகை விசயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்லுவேன். உலோகம் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கழுத்து நகை எல்லாம் கம்பளிக்கு மேல் கிடக்கட்டும், ஜிமிக்கியைப் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுவிட்டுக் கழற்றுங்கள், காது மடல்தான் முதலில் விறைக்கும். குளிரில் விரல் சுருங்கும், வீட்டில் இறுக்கமாக இருந்த மோதிரம் அங்கே வழுக்கி விழும், பனிக்குள் விழுந்த மோதிரத்தைத் தேடுவது லேசு இல்லை. தாலிக்கொடியின் திருகைப் பூட்ட மாப்பிள்ளை கையுறையைக் கழற்ற வேண்டி வரும், விறைத்த விரலால் அந்தச் சின்னத் திருகு பிடிபடாது. வீட்டில் பத்துத் தரம் பூட்டிப் பழகச் சொல்லுங்கள். அல்லது அந்த நேரத்துக்கு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டு, கொடியை உள்ளே வந்து பூட்டலாம்.

காற்றோடு சேர்த்துக் குளிர் −28 என்று காட்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம், −40 என்றால் 5 முதல் 10 நிமிடத்தில். அதனால் சேலையோடு ஒரு தரம் 10 நிமிடம் வெளியே, பிறகு சூடான காருக்குள் 15 நிமிடம், திரும்ப 10 நிமிடம், இப்படி நேரம் பிரித்துப் படம் எடுங்கள். நடுவில் போர்த்த முழங்காலுக்குக் கீழே வருகிற இறகு ஜாக்கெட் ஒன்றைச் சாட்சி கையில் கொடுத்து வையுங்கள். விரல் நுனியோ மூக்கோ வெளிறி, உணர்ச்சி இல்லாமல் போனால் படம் போதும், உடனே உள்ளே வாருங்கள். தேய்க்க வேண்டாம். கமெராவுக்கும் இதே கவனம் வேண்டும்: மேலதிக பற்றரிகளை உள்பையில் வையுங்கள், அறைக்குள் வர முன் கமெராவைப் பைக்குள் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க நீர் கட்டும்.

கேள்வி: ஏப்ரகாம் ஏரியில் ஐசுக்குள் வெள்ளைக் குமிழிகள் அடுக்கடுக்காக நிற்கும் படங்களைப் பார்த்தோம். அதற்கு மேல் நின்று மோதிரம் மாற்ற வேண்டும். - பிரம்டன் வாசகர்

பதில்: அழகு, எனக்கும் பிடிக்கும். அடியில் மக்குகிற செடிகொடியில் இருந்து வரும் மீதேன் வாயு ஐசுக்குள் சிறைப்பட்டு அப்படி நிற்கிறது. ஆனால் அது இயற்கை ஏரி இல்லை தம்பி, 1972இல் பிக்ஹோர்ன் அணை கட்டித் தேக்கிய நீர். குளிர்காலம் முழுக்க அணையால் தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் ஐசுக்குக் கீழே மட்டம் இறங்கும், சில இடங்களில் ஐசுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெறும் காற்று. தனியாக நடக்க 15 சென்ரிமீட்டர், கூட்டமாக நிற்க 20 சென்ரிமீட்டர் தடிப்பு என்று சொல்லும் கணக்கை அங்கே முழுதாக நம்ப முடியாது. காற்றும் பொல்லாதது, அந்தக் காற்று பனியைத் துடைத்துவிடுவதால்தான் குமிழி தெரிகிறது. போவதென்றால் அந்த ஏரியைத் தெரிந்த வழிகாட்டியோடு, அவர் சொல்லும் இடத்தில், காற்றில்லாத காலையில் போங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். நான் மேலே சொன்ன வேர்மிலியன் ஏரியிலும் கரையிலேயே நில்லுங்கள், அங்கே வெந்நீர் ஊற்று கலப்பதால் சில இடங்களில் ஐஸ் மெல்லிசு.

கேள்வி: ஐயரைக் கூட்டிப்போய் அக்கினி வளர்க்கலாமா? - ஏஜாக்ஸ் வாசகி

பதில்: பூங்காவுக்குள் நெருப்பு, அதற்கென்று வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகளில் மட்டும்தான். அறுகரிசியும் பூவும் தூவக்கூடாது, மிருகங்கள் தின்னப் பழகிவிடும். ட்ரோனும் இல்லை. சடங்கை முதல் நாள் தங்குமிடத்திலோ கல்கரியில் ஒரு கோயிலிலோ வைத்துவிட்டு, கரையில் எழுத்தை மட்டும் வையுங்கள்.

கேள்வி: என்ர மகள் மாசியில் பான்ஃபில் போய்க் கட்டப்போகிறாளாம். எனக்கு 61 வயது, முழங்கால் நோ. முப்பது வருசமாக அவளுக்கென்று சேர்த்த கனவு எல்லாம் போய்விட்டது. நான் என்ன பிழை விட்டேன்? - ஸ்காபரோ, ஒரு அம்மா

பதில்: அக்கா, ஒரு பிழையும் விடவில்லை. அவள் உங்களிடம் முதலே வந்து சொல்லியிருக்கிறாள், அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவளுக்கு மண்டபம்தான் வேண்டாம், நீங்கள் வேண்டாம் என்று அவள் எங்கேயும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கனவில் பாதியை இன்னும் செய்யலாம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கை நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் வைக்கலாம், கூறையை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதைச் சித்திரை பிறந்த பிறகு ஸ்காபரோவில் வைக்கலாம்.

அன்றைக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. ஒன்று நானாக இருக்கட்டுமா என்று மகளிடம் கேளுங்கள், மற்றதுக்கு மாப்பிள்ளையின் அம்மாவைச் சொல்லலாம். உயரத்துக்கு ஏறி இறங்கத் தேவையில்லை. லூயிஸ் ஏரிக் கரை, கார் நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிடச் சம நடைதான், வேர்மிலியன் ஏரி என்றால் வீதியோரத்தில் இறங்கினதும் கரை. ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற ஐஸ் ஆணி மருந்துக்கடையில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய தெர்மஸில் இஞ்சித் தேத்தண்ணி, கையுறையோடு திறக்கக்கூடிய மூடியாகப் பார்த்து. அப்புறம் அந்தப் பேனா, அதை நீங்களே வைத்திருங்கள், ஜாக்கெட்டுக்கு உள்பக்கம்.