கட்டுரைத் தலைப்பில் தேடுசொல்: எது, எங்கே, எவ்வளவு?

கேள்வி: பத்திரப்பதிவு, பட்டா, வாரிசுச் சான்றிதழ் போன்றவற்றைப் பற்றித் தமிழில் எழுதும் சிறிய இணையதளம் நடத்துகிறேன். பட்டா பெயர் மாற்றம் பற்றிய விரிவான கட்டுரைக்கு ‘மண்ணும் உரிமையும்: ஓர் எளிய வழிகாட்டி’ என்று தலைப்பு வைத்தேன். படித்தவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் கூகுளிலிருந்து ஆள் வருவதே இல்லை. தலைப்பில் எத்தனை தேடுசொற்கள் இருக்க வேண்டும்? 60 எழுத்துக்குள் அடக்க வேண்டும் என்கிறார்களே, தமிழுக்கும் அந்தக் கணக்குதானா?

பதில்: எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு தொடர் போதும். ஆனால் அது தேடுபவர் தம் கைபேசியில் தட்டும் அதே தொடராக இருக்க வேண்டும். உங்கள் தலைப்பில் ‘பட்டா’ என்ற சொல்லே இல்லை. அச்சிதழில் இப்படி ஒரு தலைப்பு நிற்கும், ஏனென்றால் பக்கத்தில் படமும் துணைத் தலைப்பும் விஷயத்தைச் சொல்லிவிடும். தேடல் முடிவுகளில் அந்தத் துணை கிடையாது. ‘மீண்டும் உயர்வு! இல்லத்தரசிகள் அதிர்ச்சி’ என்று தலைப்பு வைக்கும் செய்தித் தளங்களுக்கும் இதே கோளாறுதான். உயர்ந்தது தங்கமா தக்காளியா என்று தலைப்பிலிருந்து யாருக்கும் தெரியாது.

முதலில் சரியான தொடரைப் பிடியுங்கள். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாமலிருக்க இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, கூகுளில் ‘பட்டா’ என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். கீழே விரியும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பட்டா பெயர்’, ‘பட்டா மாற்ற’ என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பாருங்கள். பிறகு, எது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தில் அவற்றை ஒப்பிடுங்கள். ஒரே நேரத்தில் பல தொடர்களைப் போடலாம். இடத்தைத் தமிழ்நாடு என்றும் காலத்தை 12 மாதம் என்றும் வையுங்கள். அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அல்ல. எது மற்றதைவிட அதிகம் என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும்.

அடுத்து, தேடுபவரின் தேவையைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பட்டா விவரத்தைப் பார்க்க நினைப்பவர், பெயர் மாற்ற வேண்டியவர், போட்ட விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புபவர் ஆகிய மூவரும் ‘பட்டா’ என்றுதான் தொடங்குவார்கள். மூவருக்கும் சேர்த்து ‘பட்டா: முழு விவரம்’ என்று வைத்தால் மூவருமே தமக்கானதா என்று தெரியாமல் கடந்துபோவார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தேவை. பெயர் மாற்றத்திலேயே உட்பிரிவு (நிலத்தின் ஒரு பகுதியைத் தனியாகப் பிரிப்பது) தேவைப்படாத இனம், உட்பிரிவு செய்ய வேண்டிய இனம் என்று இரண்டு உண்டு. கட்டுரை முதல் வகையைப் பற்றியது என்றால் தலைப்பு இப்படி அமையலாம்: ‘பட்டா பெயர் மாற்றம்: உட்பிரிவு இல்லாத நிலத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது எப்படி?’

தேடுதொடர் தொடக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். கைபேசியில் கண் முதலில் படுவதும், தலைப்பு வெட்டுப்பட்டாலும் மிஞ்சுவதும் அந்தப் பகுதிதான். பின்பாதி, வந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. ‘பட்டா மாற்றம், பட்டா பெயர் மாற்றம், பட்டா மாறுதல் ஆன்லைன்’ என்று அடுக்குவது கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. அதைவிட, படிப்பவருக்கு அந்தத் தளத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். மாற்றுச் சொற்களை முதல் பத்தியிலும் உள்தலைப்புகளிலும் இயல்பாகக் கொண்டுவாருங்கள்.

தமிழுக்கென்று சில கவனங்கள் உண்டு. தேடுசொல்லைத் தலைப்பில் வேற்றுமை உருபு சேர்க்காமல் வையுங்கள். ‘பட்டா பெயர் மாற்றத்திற்கான’ என்பதைவிட ‘பட்டா பெயர் மாற்றம்:’ என்று நிறுத்துவது நல்லது. சொற்களை ஒட்டி எழுதாதீர்கள். ‘வில்லங்கச்சான்றிதழ்’ வேண்டாம், ‘வில்லங்கச் சான்றிதழ்’ போதும். தேடுபவர்களில் பலர் ‘ச்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் பிழையாக எழுதத் தேவையில்லை. வில்லங்கச் சான்றிதழை மக்கள் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ‘ஈசி’ என்றும் தேடுவார்கள். எது அதிகம் என்று பார்த்து ஒன்றைத் தலைப்பில் வைத்து, மற்றதை முதல் வரியில் சொல்லுங்கள்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘கௌரி’ என்பதை ‘கெளரி’ என்றும், ‘ஔவையார்’ என்பதை ‘ஒளவையார்’ என்றும் பலர் தட்டுகிறார்கள். ஔகாரத்துக்கு யூனிகோடில் தனிக் குறி உண்டு. அதை விட்டு ‘ள’ என்ற எழுத்தைச் சேர்த்தால் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கோ அது வேறு சொல். தலைப்பில் இப்படி எழுத்து வந்தால் அழித்துவிட்டுச் சரியான விசையில் தட்டுங்கள்.

60 எழுத்துக் கணக்கு ஆங்கிலத்தை வைத்து எழுந்தது. கூகுள் அதிகாரபூர்வமாக எந்த எல்லையும் வைக்கவில்லை, திரையில் கிடைக்கும் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறது. எழுத்தெண்ணும் கருவிகளும் தமிழில் ஏமாற்றும். ‘சான்றிதழ்’ நமக்கு 5 எழுத்து. புள்ளி, கால் போன்ற குறிகளையும் தனித்தனியாக எண்ணும் கருவிக்கு 9. எனவே எண்ணாமல் அகலத்தை அளவிடுங்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கினால், அதில் சேர்க்கும் யோஸ்ட் போன்ற செருகுநிரலின் முன்னோட்டத்தில் கைபேசித் தோற்றத்தைப் பாருங்கள். முக்கியமான தொடர் முதல் நான்கைந்து சொற்களுக்குள் முடிந்துவிட்டால் மீதி வெட்டுப்பட்டாலும் பெரிய இழப்பில்லை.

‘மண்ணும் உரிமையும்’ என்ற தலைப்பை விட மனமில்லையென்றால் வழி இருக்கிறது. பக்கத்தின் மேலே வாசகர் பார்க்கும் தலைப்பும், தேடல் முடிவுக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் டைட்டில் குறியும் வேறு வேறு. யோஸ்ட், ரேங்க் மேத் ஆகிய செருகுநிரல்கள் இரண்டிலும் இதற்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் இரண்டும் வெகுவாக மாறுபட்டால் கூகுள் தானே ஒரு தலைப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடும். 2021 ஆகஸ்டில் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிய கூகுள், சுமார் 87 விழுக்காடு இடங்களில் டைட்டில் குறியையே பயன்படுத்துவதாக அடுத்த மாதம் தெரிவித்தது. மீதிக்குப் பக்கத் தலைப்பு, அங்கே வரும் இணைப்புகளின் சொற்கள் போன்றவை கைகொடுக்கின்றன. அதனால் இரண்டிலும் ‘பட்டா பெயர் மாற்றம்’ இருக்கட்டும், அழகை மேல்தலைப்பின் பின்பாதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்பிரஸில் பக்கத்தின் இணைய முகவரியையும் பாருங்கள். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கினால் ஒவ்வொரு குறியும் 9 இடம் பிடிக்கும். ‘பட்டா-பெயர்-மாற்றம்’ மட்டுமே 155 இடம். 200 இடத்தோடு வேர்ட்பிரஸ் நறுக்கிவிடும், நான்காவது சொல் பாதியில் நிற்கும். மூன்று சொல்லுக்குள் நிறுத்துங்கள், அல்லது ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள். ஏற்கெனவே வெளியான கட்டுரையின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் போடுங்கள். முகவரியில் ஆண்டு வேண்டாம். தலைப்பில் ஆண்டு போடுவதானால் உள்ளடக்கத்தையும் உண்மையாகவே புதுப்பித்திருக்க வேண்டும்.

தலைப்பை மாற்றியதும், தள உரிமையாளர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் அந்த முகவரியைச் சோதித்து மறு அட்டவணைக்குக் கோரிக்கை கொடுங்கள். 28 நாள் கையை வைக்காதீர்கள். வாரத்துக்கொரு தலைப்பு மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. பிறகு செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். மிகச் சிலரே தேடிய தொடர்களைத் தனியுரிமை கருதி கூகுள் அதில் காட்டாது, பட்டியல் குறைவாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் தோன்றிய எண்ணிக்கை) ஏறி, கிளிக் ஏறாவிட்டால் அதே தேடலில் மேலே நிற்கும் தலைப்புகளைப் பார்த்து உங்கள் பின்பாதியைத் திருத்துங்கள். இம்ப்ரெஷனே ஏறாவிட்டால் தலைப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். பக்கம் கூகுளின் அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், எந்த ஆவணங்கள், எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு கட்டணம் என்பவற்றுக்குக் கட்டுரையின் முதல் சில பத்திகளிலேயே பதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.