மூன்று நொடி

வணக்கம்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். தினமும் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். அப்போது கணக்கெல்லாம் சரியாகவே போடுகிறாள். தேர்வில் மறந்துவிடுகிறாள். நான் பக்கத்தில் இல்லையென்றால் ஒரு கணக்குகூடத் தொடமாட்டாள். நான் இருந்தாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் பொறுமையிழந்து கத்திவிடுகிறேன். அப்புறம் வருத்தமாக இருக்கிறது. படிக்கத் தனி அறை வேண்டுமா? நல்ல மதிப்பெண் எடுத்தால் பரிசு தரலாமா? கற்றல் செயலிகள் பயன்படுமா? ஒரு நேர அட்டவணை போட்டுத்தந்தால் உதவியாக இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

தனி அறை வேண்டாம். இந்த வயதில் பிள்ளைகள் நடமாட்டமுள்ள இடத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடுங்கள். செயலியைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை, வாங்கினால் வாங்குங்கள். பரிசு விஷயத்தில் கொஞ்சம் கவனம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு பரிசு எதுவும் இல்லாமல் தங்கள் இஷ்டத்துக்கு விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆசையாய்ச் செய்ததைக் கூலி வேலையாக்கிவிட்டோம். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. ‘என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்காக. ஏன் பார்க்கிறாள் என்று யோசித்தீர்களா? விடை அங்கேதான் இருக்கிறது. பென்சில் தப்பான எண்ணை எழுதப்போனால் உங்கள் புருவம் உயரும். சரியான எண்ணுக்குப் போனால் தலை லேசாக ஆடும். அவள் உங்களைப் படிக்கிறாள், அதுவும் மிகத் திறமையாகப் படிக்கிறாள். தேர்வு நடக்கும் இடத்தில் அந்த முகம் இல்லை. ‘மறந்துவிடுகிறாள்’ என்கிறீர்கள். மறப்பதற்கு முதலில் அவள் அந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டுமே! இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டது நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, மாட்டியது நீங்கள்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். மனக்கணக்கில் புலி. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் பொறுப்பு அவருடையது. “ஏழெட்டு எவ்வளவு?” என்பார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் “ஐம்பத்தாறு!” என்று அவரே சொல்லிவிடுவார். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பதற்றம் எங்களைவிட அவருக்கு அதிகம். நாங்கள் சும்மா உட்கார்ந்து தலையாட்டக் கற்றுக்கொண்டோம். அவருக்குப் பரம திருப்தி. பிள்ளைகள் பிரமாதமாகத் தேறிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்திக்குக் கணக்கு அவ்வளவாக வராது. தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எங்களிடம் வாய்ப்பாடு கேட்பாள். “ஏழெட்டு?” என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த துணியை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓட்டுவாள். மெஷின் சத்தத்தில் நாங்கள் சொன்னாலும் கேட்காது, அதனால் அவசரமில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது, அதோடு ஏழு என்று விரல்விட்டுக் கூட்டுவதற்கு நேரம் கிடைத்தது. தையல் முடிந்து நிமிரும்போது பதில் தயாராக இருக்கும். சொன்னதும் அவள் சரி, தப்பு என்று எதுவும் சொல்லமாட்டாள். அடுத்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே “எப்படி வந்தது?” என்பாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் வாய்ப்பாடு கற்றது அவளிடம்.

இதை யாராவது அளந்து பார்த்திருப்பார்களா என்று பின்னாளில் தேடியபோதுதான் மேரி பட் ரோ என்ற பெண்மணியின் வேலை எனக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் அறிவியல் கல்வியை ஆராய்ந்தவர். 1970களில், வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கணக்கெடுத்தார். பெரும்பாலும் ஒரு நொடி! அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே பேசிவிடுகிறார், இல்லையென்றால் வேறு பிள்ளையிடம் போய்விடுகிறார். அதையே மூன்று நொடிக்கு மேல் நீட்டிப் பார்த்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது. ‘தெரியாது’ என்பது குறைந்தது. அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மந்தம் என்று ஒதுக்கியிருந்த பிள்ளைகள் வாய் திறந்தார்கள். இன்னொன்றையும் அவர் பார்த்தார். கெட்டிக்காரர் என்று ஆசிரியர் நினைத்த பிள்ளைகளுக்குக் கிடைத்த அவகாசம்கூட மந்தம் என்று நினைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு நேரம் அதிகம் வேண்டுமோ அவர்களுக்குத்தான் குறைவு. வீட்டிலும் அதேதான் நடக்கிறது. பிள்ளை தடுமாறத் தடுமாற நமக்கு அவசரம் கூடுகிறது.

மூன்று நொடி சின்ன விஷயம் என்று தோன்றும். இன்றைக்கு மகளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது நொடியிலேயே நாக்கு துறுதுறுக்கும். அவள் பதில் சொன்ன பிறகும் உடனே ‘வெரிகுட்’ என்று பாயாதீர்கள். அங்கேயும் மூன்று நொடி விடுங்கள். பிள்ளை தானாகவே ‘ஏன்னா…’ என்று தொடர்வதும், ‘இல்லை, இருங்க’ என்று திருத்திக்கொள்வதும் அந்த இடைவெளியில்தான்.

சரி, தப்பாகவே சொல்லிவிட்டால்? நம் பெற்றோர்கள் பொறுப்பைக் கோட்டைவிடுவது இங்கேதான். 52இல் 38ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். 26 என்று எழுதுகிறாள். நீங்கள் என்ன செய்வீர்கள்? ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, “கடன் வாங்கணும்னு எத்தனை தடவை சொல்றது? 14 எழுது” என்பீர்கள். எழுதிவிடுவாள். அடுத்த கணக்கில் மறுபடியும் அதே மாதிரிதான் போடுவாள்.

“எப்படிம்மா போட்டே?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: “2லேருந்து 8 போகாது. அதனால 8லேருந்து 2 போனா 6. அப்புறம் 5லேருந்து 3 போனா 2.” அவள் கவனக்குறைவாகப் போடவில்லை. ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். விதிதான் தப்பு. அதுவும் பெரியவர்கள் யாரோ எப்போதோ ‘பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்’ என்று சொன்னதிலிருந்து வந்திருக்கலாம். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978இல் இப்படிப்பட்ட கழித்தல் பிழைகளைப் பட்டியலே போட்டார்கள். பிள்ளைகளின் தப்புகள் பலவற்றுக்கு உள்ளே ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்கள். அந்த 26ஐ நீங்கள் அழித்தபோது, அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதற்கு இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிட்டீர்கள். தயவுசெய்து அந்த ரப்பரைத் தூக்கிப் போடுங்கள். “26ஐயும் 38ஐயும் கூட்டிப் பாரு, 52 வருதா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 64 வரும். அவளே திகைப்பாள். அந்தத் திகைப்பு அவளுக்குக் கிடைக்கட்டும். உடனே காப்பாற்ற ஓடாதீர்கள்.

கத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வருத்தப்படுவதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் வருத்தம் மட்டும் போதாது. கணக்கு என்றாலே உங்களுக்கும் உள்ளூரப் பயமோ? 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவினால், அந்த ஆண்டில் பிள்ளைகள் கணக்கு கற்பது குறைகிறது, பயம் கூடுகிறது. அவ்வளவாக உதவாத வீடுகளில் அப்படி நடக்கவில்லை. எரிச்சல் வரும் நாளில் எழுந்து போய்விடுங்கள். வீட்டுப்பாடம் பாதியில் நிற்கட்டும். முடிக்காத நோட்டைப் பார்த்தால் ஆசிரியைக்கு உண்மை நிலவரமாவது தெரியும். நீங்கள் முடித்துக்கொடுத்த நோட்டு அவரை ஏமாற்றுகிறது.

மறதிக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருக்கிறதைச் சொல்லச் சொல்லுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்தினார்கள். அன்றைக்கே கேட்டு அன்றைக்கே திருப்தியடையும் பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது.

நேர அட்டவணை தரமாட்டேன். இரண்டு மணி நேரம் அந்த வயதுக்கு அதிகம், பாதியாகக் குறையுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நாள் அழுவாள், ‘நீங்க சொல்லித்தரவே மாட்டேங்கிறீங்க’ என்பாள். மதிப்பெண்ணும் ஒருவேளை இறங்கும். ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை மதிப்பெண் எடுத்தாள் என்று எழுத வேண்டாம். அவள் தப்பாகப் போட்ட ஒரு கணக்கையும், எப்படிப் போட்டதாக அவள் சொன்னாள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.