அந்தப் பைக்கு மட்டும் ஐஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர். போன வருடம்தான் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். படகுப் பதிவு, நிவாரணக் கோப்புகள் என் மேசைக்கு வரும். போன வாரம் தாய்மாமா இரண்டு கிலோ விளமீனோடு வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது, "மாப்ளே, நம்ம கோப்பைக் கொஞ்சம் மேல தூக்கி வை" என்றார். கூட வேலை பார்ப்பவர் இது லஞ்சம் என்கிறார். என் காதுகுத்துக்குச் சீர் செய்தவருக்கு நான் திருப்பிச் செய்வது குற்றமா? கூட்டணியில் சீட்டுப் பேரம் பேசுகிறார்களே, அது மட்டும் சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நானும் உங்கள் கரைதான். அப்பாவின் வல்லம் கரைக்கு வந்ததும் அம்மா கறிமீனைக் கூறு போடுவாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு கூறு, வலை தைக்கும் சித்தப்பாவுக்கு ஒரு கூறு. கடைசியில் பெரிய மீனாகப் பொறுக்கி ஒரு பை. அந்தப் பைக்கு மட்டும் ஐஸ் போடுவாள். மானிய டீசலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை.

ஒரு கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றி ஒன்பது நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. பெரியம்மா மீன் கேட்கவில்லை. அவள்தான் எங்களுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டாள். அந்தப் பைக்காக மட்டும் அம்மா ராமநாதபுரம் மார்க்கெட்டில் கடன் சொல்லி வெளியூர் மீன் வாங்கினாள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐஸ் உருகிக் கால் நனைய நடந்தபோது பட்ட அவமானம் இன்றும் ஆறவில்லை. அந்தக் கையெழுத்து எங்களுக்கு உரிமையாக வரவேண்டியது.

உங்கள் மாமா சீர் செய்தது அவர் உழைத்த காசில். அன்று உங்களுக்கு மேசையே கிடையாது, அதனால் அது லஞ்சம் ஆகாது. அந்தக் கடனை உங்கள் சம்பளத்தில் அடைக்கலாம். கோப்பின் வரிசை உங்கள் சொத்து இல்லையே. மாமா கோப்பு ஒரு படி மேலே ஏறினால், வேறு ஏதோ வீட்டுப் படகு ஒரு படி கீழே இறங்குகிறது. அந்த வீட்டிலிருந்து யாரும் உங்களுக்குச் சீர் கொண்டு வந்திருக்கமாட்டார்கள்.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இப்போது அதில் உள்ள சொல் 'முறையற்ற ஆதாயம்'. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மீனாக இருக்கலாம், தங்கச்சிக்கு வேலையாக இருக்கலாம். உங்களுக்கு வராமல் வேறு ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தாலும் குற்றம்தான். செய்த வேலை முறைப்படியே இருந்தாலும், அதற்காக வாங்கியதே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் தப்பலாம். எங்கள் அம்மா காலத்தில் இந்த 7 நாள் விதியே இல்லை.

கூட்டணிப் பேரம் வேறு. "உன் ஊரில் கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்கு நான் கை தூக்குகிறேன், என் ஊர்ச் சாலைக்கு நீ கை தூக்கு" என்று இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் பேசிக்கொண்டால் அது அரசியல். கிடைப்பது இரண்டு ஊருக்கும். கை தூக்கக் காசு வாங்கினால் குற்றம். 1993இல் நரசிம்ம ராவ் அரசு மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பணம் வாங்கிக்கொண்டு வாக்களித்த எம்.பி.க்கள் மீது வழக்குப் போட முடியாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாங்கியும் வாக்களிக்காதவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை! 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அதைத் திருத்தினார்கள்: வாங்கிய கணமே குற்றம் முடிந்துவிடுகிறது, பிறகு எப்படி வாக்களித்தார் என்பது பொருட்டில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் நண்டுக் கம்பெனிகளில் நம் பெண்கள் நாள் முழுக்க ஓடு உடைத்துச் சதை எடுக்கிறார்கள். "என்னோடு அனுசரித்துப் போ, நைட் ஷிப்ட் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால் அதுவும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான், அதிலும் கேவலமானது. தனியார் கம்பெனி என்று தப்பிக்க முடியாது. வேலை செய்யும் இடத்தில் பெண்களைக் காக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி அப்படி ஆசை காட்டுவதே பாலியல் துன்புறுத்தல். சாடையாகச் சொன்னாலும் போதும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மாமாவிடம் கோபிக்க வேண்டாம். மீன் கொண்டுவரும் வழக்கத்தைக் கோப்பு முடியும்வரை நிறுத்தச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். கடலில் பிழைப்பவருக்குப் புரியும். அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் மொய் எழுதுங்கள். அந்தக் கோப்பை மட்டும் அடுத்த மேசைக்கு மாற்றச் சொல்லி, மனுதாரர் என் தாய்மாமா என்று குறிப்பிட்டு, நாளைக் காலையிலேயே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா