படகு வீடும் கொரோனாவும்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல இங்கிலாந்து கால்வாய்கள்ல படகையே வீடா வச்சு வாழ்றவங்க கொரோனா லாக்டவுன எப்படி ஓட்டுனாங்கன்னு நாலே நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நெனக்கல. எல்லாத்துக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டவங்கள சேத்து ஒரு பதிலா போட்டிருக்கேன்.

படகு வீடுன்னா நம்ம ஆலப்புழை ஹவுஸ்போட் மாதிரி தானே சார்? ஏசி, மீன் வறுவல், ஜாலி! இவங்களுக்கு லாக்டவுன் ஒரு கஷ்டமா?
*வாசகர், கும்பகோணம்*

அது டூரிஸ்ட் படகு சார், இது ஆளுங்க வருஷம் பூரா குடியிருக்குற வீடு. நேரோபோட்னு பேரு. அகலம் 6 அடி 10 இன்ச் தான், ஏன்னா அந்தக் காலத்துல, குதிரை இழுத்த காலத்துல, கட்டுன லாக், அதாவது தண்ணி மட்டத்த ஏத்தி எறக்கி படக மேல கீழ கொண்டு போற கதவு வச்ச தொட்டி, பலதும் 7 அடி அகலம் தான், அதுக்குள்ள நுழையணும்ல. நீளம் மட்டும் 70 அடி வரைக்கும் போகும். நம்ம ரயில் பெட்டிய விட ஒல்லியான ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள படுக்கை, அடுப்படி, பாத்ரூம், விறகு நிலக்கரி போடுற ஒரு கணப்பு, கூரை மேல சோலார் பேனல், இதான் வீடு. வேகம் மணிக்கு 4 மைல், அதுக்கு மேல போகக்கூடாது.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சுமார் 2,000 மைல் நீர்வழிய கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்னு ஒரு அறக்கட்டளை பாத்துக்குது, 2012ல பிரிட்டிஷ் வாட்டர்வேஸ்கிட்ட இருந்து பொறுப்பு இவங்களுக்கு வந்துச்சு. லைசென்ஸ் இவங்ககிட்ட தான் வாங்கணும். சொந்தமா ஒரு மூரிங், அதாவது படகு கட்டுற இடம், வாடகைக்கு வச்சிருக்கவங்க ஒரு வகை. அது இல்லாம ஊர் ஊரா நகந்துகிட்டே இருக்குறவங்க இன்னொரு வகை. கஷ்டம் எல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டாவது ஆளுங்களுக்கு தான்.

"வீட்டை விட்டு வெளிய வராதீங்க"ன்னு அரசாங்கம் சொல்லுது. இவங்க வீடே 14 நாளைக்கு ஒருதடவ நகரணும்னு சட்டம் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அப்ப ரெண்டுல எதை கேக்குறது?
*வாசகி, மதுரை*

சரியான எடத்துல புடிச்சீங்கம்மா. 1995ல போட்ட பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் என்ன சொல்லுதுன்னா, நிரந்தர மூரிங் இல்லாத படகு நிஜமாவே பயணத்துல இருக்கணும், ஒரே எடத்துல தொடர்ந்து 14 நாளுக்கு மேல நிக்கக்கூடாது. ஆனா அதே வரியிலயே, சூழ்நிலைய பொறுத்து நியாயமா தோணுற அளவு கூடுதலா நிக்கலாம்னும் இருக்கு. 2020 மார்ச் 23 ராத்திரி அப்ப பிரதமரா இருந்த போரிஸ் ஜான்சன் டிவில வந்து லாக்டவுன் சொன்னாரு, டிரஸ்ட்டும் நகரணும்ங்குற விதிய நிறுத்தி வச்சிருச்சு. நிக்குற எடத்துலயே நில்லுங்க, தண்ணி புடிக்க, டாய்லெட் காலி பண்ண, இந்த மாதிரி அவசியத்துக்கு மட்டும் படக எடுங்கன்னு சொல்லிட்டாங்க.

கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா அந்த ராத்திரி நீங்க எங்க நின்னீங்கங்குறது தான் உங்க தலையெழுத்து! தண்ணிக் குழாய் பக்கத்துல, கடை பத்து நிமிஷ நடையில, செல்போன் சிக்னலோட நின்னவன் பாக்கியசாலி. வயக்காட்டு நடுவுல, ரெண்டு பக்கமும் நாலஞ்சு லாக் தள்ளி நின்னவன் என்ன பண்ணுவான்? தொட்டியில இருக்குற தண்ணி ரெண்டு பேருக்கு சிக்கனமா குளிச்சா ரெண்டு வாரமோ என்னமோ வரும், டாய்லெட் கேசட் 20 லிட்டர் தான், அது ரெண்டு மூணு நாள்ல ரொம்பிரும், அத கொண்டு போய் எல்சன் பாயிண்ட்னு சொல்ற எடத்துல கொட்டணும். ஒவ்வொரு லாக்லயும் எறங்கி விண்ட்லாஸ் கைப்பிடி போட்டு மதகு தெறந்து, அந்தப் பெரிய கதவ முதுகால தள்ளணும், உங்களுக்கு முன்னாடி எத்தன பேரு அதே மரத்த தொட்டாங்களோ தெரியாது, அதுவும் அந்த மொத மாசங்கள்ல தொட்டா ஒட்டிக்கும்னு எல்லாரும் நடுங்கிட்டு இருந்த நேரம். கையுறை போடுங்க, கை கழுவுங்கன்னு சொன்னாங்க. கழுவ தண்ணி வேணும்ல, அதுக்குத்தானே இந்தப் பயணமே!

லண்டன்ல கூத்து வேற மாதிரி. நாலாயிரத்துக்கு மேல படகு, கரையில எடமே கெடையாது, அதனால ஒரு படகுக்கு பக்கத்துல இன்னொரு படக ஒட்டி கட்டிக்குவாங்க. வெளிப்பக்கம் இருக்குறவர் கரைக்குப் போகணும்னா உள்பக்க படகு மேல ஏறி, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல தாண்டி தான் எறங்கணும். ரெண்டு மீட்டர் இடைவெளின்னு ரூல் போட்டவங்க யாரும் ரீஜென்ட்ஸ் கனால் பக்கம் வந்து பாத்திருக்க மாட்டாங்கன்னு தான் நான் நெனக்குறேன்.

அண்ணா, நாங்கள் அல்பேர்ட்டன்ல ஈலிங் ரோட்டுப் பக்கம் இருக்கிறம். லொக்டவுன் நேரம் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு கனால் கரையில நடக்கிறதுதான் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். ஆனா போட்டில இருந்த சிலபேர் எங்களைப் பாத்து முறைச்சவை. நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?
*வாசகி, லண்டன்*

நீங்க ஒரு தப்பும் பண்ணல தங்கச்சி. தினமும் ஒருதடவ வெளிய போய் நடக்கலாம்னு அரசாங்கமே தான் சொல்லிச்சு, ஃபிளாட்டுல இருக்குறவங்களுக்கு அந்த கால்வாய் கரைய விட்டா வேற என்ன இருக்கு?

ஆனா அவங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. அந்தப் பாதை ஒரு காலத்துல படக இழுத்த குதிரை நடக்க போட்டது, பல எடத்துல ரெண்டு மீட்டர் கூட இருக்காது, ஒருபக்கம் சுவர் இன்னொரு பக்கம் தண்ணி. கட்டி நிக்குற படகோட ஜன்னல் உங்க இடுப்பு உயரத்துல இருக்கும், சின்ன எடம்ங்குறதால காத்துக்கு அத தெறந்து வச்சே ஆகணும், அந்த ஜன்னல ஒட்டி காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஜாக்கிங் போறவன் மூச்சு வாங்கிட்டு போறான், சைக்கிள்காரன் மணி அடிச்சிட்டு போறான், சாதாரண நாள்ல வர்ற கூட்டத்த விட பலமடங்கு. உள்ள இருக்குறது எழுபது வயசு ஆஸ்துமாக்காரரா இருக்கலாம். வீட்டு வாசல்ல எறங்குனாலே அந்தக் கூட்டத்துல தான் கால வைக்கணும். படகுகள் நெறைய நிக்குற பக்கம் போகாதீங்க, போனா ஒதுங்கி சீக்கிரம் போயிடுங்கன்னு டிரஸ்ட்டும் கேட்டுக்கிச்சு, யாரு கேட்டா! முறைச்சது உங்க மேல உள்ள கோபம் இல்ல, உங்களுக்கு முன்னாடி போன நூறு பேரு மேல இருந்தது.

முகவரியே இல்லாதவங்களுக்கு டெஸ்ட், தடுப்பூசி எல்லாம் எப்படி கெடச்சுது? நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸா இருக்கேன், அதான் கேக்குறேன்.
*வாசகி, பொள்ளாச்சி*

சிஸ்டர், வந்ததுலயே எனக்குப் புடிச்ச கேள்வி உங்களோடது தான். படகுல தனியா இருக்குறது அவங்களுக்கு பழக்கம், அது பெரிய விஷயமே இல்ல. முகவரி தான் உண்மையான தலைவலி.

அங்க எல்லாமே தபால்ல ஓடுது. கடுமையான நோய் இருக்குறவங்க வெளியவே வராதீங்கன்னு 2020 மார்ச்ல இருந்து கடிதம் அனுப்புனாங்க, அந்த லிஸ்ட்ல இருந்து பதிவு பண்ணவங்களுக்கு தான் சூப்பர்மார்க்கெட்ல டெலிவரிக்கு முன்னுரிமை. படகுக்காரருக்கு அந்தக் கடிதம் எங்க போகும்? அம்மா வீட்டுக்கோ, எப்பவோ குடியிருந்த ஃப்ரெண்டு வீட்டுக்கோ போகும், லாக்டவுன்ல அங்க போயி எடுக்கவும் முடியாது. டெலிவரி கிடைச்சாலும் வண்டிக்காரனுக்கு என்ன அட்ரஸ் சொல்லுவீங்க, இத்தனாம் நம்பர் பாலம், ஆலமரம் இல்ல ஓக் மரம் பக்கத்துல, பச்சைப் படகுன்னா? நெஜமா அப்படித்தான் சொன்னாங்க, பாலத்துக்கெல்லாம் அங்க நம்பர் உண்டு, சில டிரைவருங்க கண்டுபுடிச்சும் வந்தாங்க, பாதி பேரு திரும்பிப் போயிட்டாங்க.

டெஸ்டும் இதே கதை. ஆரம்பத்துல டெஸ்ட் சென்டர் பலதும் கார்ல உக்காந்தே போற மாதிரி வச்சாங்க, கார் இல்லாதவங்க வீட்டுக்கு கிட் வரவழைக்கணும், வீட்டுக்குன்னா மறுபடியும் அட்ரஸ்!

டாக்டர்கிட்ட பதிவு பண்ண முகவரி சான்று தேவையே இல்ல, இது என்ஹெச்எஸ், அதாவது அங்க உள்ள அரசாங்க மருத்துவ சேவை, போட்ட விதி. ஆனா விதி வேற, ரிசப்ஷன்ல உக்காந்திருக்குறவங்க கேக்குறது வேற, இது உங்களுக்கு நான் சொல்லி தெரியணுமா. தடுப்பூசி 2020 டிசம்பர் 8ல ஆரம்பிச்சு வயசு வாரியா எறங்கி வந்துச்சு, முதல்ல டாக்டர் லிஸ்ட்ல பேரு இருக்குறவங்களுக்கு தான் அழைப்பு. நகந்துகிட்டே இருக்குறவரோட டாக்டர் மூணு மாவட்டம் தள்ளி இருப்பாரு. அப்புறம் ஆன்லைன்ல புக் பண்றது, பதிவே இல்லாம நேரா போய் போட்டுக்குறதுன்னு வந்தப்புறம் தான் மூச்சு விட்டாங்க. படகுக்காரங்களுக்குன்னு தெறந்த வழி இல்ல அது, அவங்களும் எடையில நுழஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்லலாம்.

பக்கத்து படகுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிட்டாங்களா? இல்ல நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் மாதிரி சண்டையா?
*வாசகர், திருநெல்வேலி*

ரெண்டும் தான் அண்ணாச்சி!

சாதாரணமா இவங்களுக்கு பக்கத்து வீடுங்குறது ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ மாறும். புடிக்கலன்னா கயித்த அவுத்துட்டு போயிடலாம், அதனாலயே நல்ல மாதிரி பழகுவாங்க. லாக்டவுன்ல அதே ஆளு பக்கத்துலயே மாசக்கணக்கா. ராத்திரி 8ல இருந்து காலைல 8 வரைக்கும் இஞ்சின், ஜெனரேட்டர் ஓட்டக்கூடாதுன்னு விதி உண்டு, அத ஒருத்தர் அஞ்சு நிமிஷம் மீறுனாலும் சண்டை, கணப்பு புகை இந்தப் பக்கம் வருதுன்னு சண்டை, கரையில யாரோட செடித்தொட்டி எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு சண்டை.

உதவியும் கொறவில்ல. கடைக்குப் போறவர் நாலு படகுக்கு சேத்து வாங்கியாந்து கூரை மேல வச்சுட்டு தட்டிட்டுப் போவாரு. முடியாதவங்க கேசட்ட எடுத்துட்டுப் போய் கொட்டிட்டு வந்தவங்க இருக்காங்க, இத விட பெரிய உதவிய நீங்க சொல்லுங்க பாப்போம்! வாட்டர்வேஸ் சாப்ளைன்சினு ஒரு கிறிஸ்தவ அமைப்பு, கால்வாய் கரையில நடந்து படகுக்காரங்கள விசாரிக்குறது தான் அவங்க வேலையே, அரசாங்க உதவிக்கு விண்ணப்பம் போடத் தெரியாதவங்களுக்கு துணையா நிப்பாங்க. ஆனா என்னைக் கேட்டா மொத நன்றி ஃபியூல் போட் ஆளுங்களுக்கு தான். டீசல், நிலக்கரி மூட்ட, கேஸ் சிலிண்டர் எல்லாத்தையும் ஒரு படகுல ஏத்திக்கிட்டு கால்வாய் நெடுக வித்துட்டே போவாங்க, எல்லாரும் நின்னப்போ ஓடுன படகு அது தான், சரக்கோட சேத்து மேல இருக்குறவர் கீழ இருக்குறவர் எப்படி இருக்காங்கன்னு தகவலும் வரும்.

படகுலயே டீக்கடை, புத்தகக்கடை, கைவினைப் பொருள்னு வச்சு பொழச்சவங்க பாடு தான் ரொம்ப மோசம். சந்தை எல்லாம் ரத்து. சுயதொழில் பண்றவங்களுக்கு அரசாங்கம் குடுத்த பணமும் மொதல்ல 2018-19 வருமான வரிக்கணக்க வச்சு குடுத்தது, அதுக்கப்புறம் கடை ஆரம்பிச்சவங்களுக்கு பட்டை நாமம்.

இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இந்த மாதிரி கால்வாய் மொத்தமா நின்னிருக்கா?
*வாசகர், தஞ்சாவூர்*

நின்னிருக்கு. 2001ல கால்நடைகளுக்கு கோமாரி நோய் பரவுனப்போ, கரைப்பாதை பண்ணை வழியா போகுதுன்னு நெறைய எடத்துல மூடுனாங்க, படகும் நின்னுச்சு. அதுக்கு முன்னாடி 1962 டிசம்பர் கடைசில ஆரம்பிச்ச குளிர், 1963 மார்ச் வரைக்கும் கால்வாய் பனிக்கட்டியா கெடந்துச்சு, நிலக்கரி ஏத்துன படகும் அதுல குடும்பமா இருந்தவங்களும் வாரக்கணக்கா மாட்டிக்கிட்டாங்க. படகுல சரக்கு அனுப்புனவங்க லாரிக்கு மாறுனாங்க, திரும்பி வரல, ஏற்கனவே நொண்டிக்கிட்டு இருந்த தொழில் அதோட ஏறக்குறைய முடிஞ்சுது.

லீவுக்கு மட்டும் படகு வச்சிருக்குறவங்க என்ன பண்ணாங்க?
*வாசகர், சேலம்*

படகு ஒரு ஊர்ல, அவங்க ஒரு ஊர்ல, கொஞ்ச நாள் பாக்கவே முடியல. இங்கிலாந்துல 2020 ஜூலை 4ல இருந்து தான் ராத்திரி படகுல தங்கலாம்னு ஆச்சு, வெளிநாடு போக முடியாத கூட்டம் எல்லாம் வாடகை படகுக்கு பாஞ்சுது. அதுலயும் லாங்கோலன் கால்வாய் தமாஷ், சர்க்ங்குற எடத்துல ஒரு பாலத்து மேலயே கால்வாய் ஓடும், பாலத்தோட இந்த முனை இங்கிலாந்து, அந்த முனை வேல்ஸ், ரெண்டு அரசு, ரெண்டு ரூல். பாலத்துக்கு இந்தப்பக்கம் வரைக்கும் வரலாம், தாண்டக்கூடாதுன்னு இருந்த நாளெல்லாம் உண்டு.

அப்புறம் நவம்பர்ல மறுபடி, 2021 ஜனவரியில மறுபடி பூட்டு, ஏப்ரல் 12 வரைக்கும் லீவு படகெல்லாம் சும்மா கெடந்துச்சு.

நான் லண்டன்ல ஐடி வேலைக்கு வந்திருக்கேன். வாடகை கட்டுப்படி ஆகல. வொர்க் ஃபிரம் ஹோம் தானே, ஒரு படகு வாங்கிப் போட்டா என்ன ப்ரோ?
*வாசகர், லண்டன் (சொந்த ஊர் சென்னை)*

கொரோனா டைம்ல நெறைய பேரு இப்படித்தான் யோசிச்சாங்க ப்ரோ, பழைய படகு விலையே எகிறிப் போச்சு, மொத குளிர்காலம் முடிஞ்சதும் சிலர் வித்துட்டு ஓடிட்டாங்க. நவம்பர்ல இருந்து சோலார் ஒண்ணுத்துக்கும் ஆகாது, லேப்டாப் ஓட இஞ்சின போடணும், வீடியோ கால்ல இஞ்சின் சத்தம் உங்க மேனேஜருக்கும் கேக்கும். நெட்டுக்கு சிம் போட்ட ரூட்டர், சிக்னல் இல்லாத எடத்துல நிக்கக்கூடாது, ஆனா 14 நாள்ல நகரணும், அடுத்த எடத்துல சிக்னல் இருக்குமான்னு முன்னாடியே போய் பாத்துட்டு வரணும். லைசென்ஸும் இப்ப சும்மா இல்ல, 2024 ஏப்ரல்ல இருந்து மூரிங் இல்லாம சுத்துறவங்களுக்கு கூடுதல் கட்டணம் போட்டாங்க, அது வருஷா வருஷம் ஏறுது. வாங்குறதுக்கு முன்னாடி ஜனவரி மாசம் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து தங்கிப் பாருங்க, கோடையில வேணாம், கோடையில யாரு தங்குனாலும் வாங்கிருவாங்க. வாங்குறதா முடிவு பண்ணிட்டா, படக தண்ணியில இருந்து மேல தூக்கி அடிப்பக்க இரும்பு எவ்ளோ தேஞ்சிருக்குன்னு சர்வேயர வச்சு அளக்காம அட்வான்ஸ் குடுத்துறாதீங்க.